பூட்டிக் கிடந்த வீட்டில் வாடை

கேள்வி: குரோம்பேட்டையில் அம்மா இருந்த ஃப்ளாட்டை விற்க நினைக்கிறோம். அவர் காலமான பிறகு எட்டு மாதமாகப் பூட்டியே கிடக்கிறது. கதவைத் திறந்தாலே குப்பென்று நாற்றம். பார்க்க வந்தவர்கள் ஹாலோடு திரும்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு குடும்பம் வருகிறது. சாம்பிராணி போட்டு, ரூம் ஸ்பிரே அடித்தால் போதுமா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: சாம்பிராணி வேண்டாம் அம்மா. வீடு வாங்கி விற்றுக் கொடுப்பதுதான் என் தொழில். புகையும் ஸ்பிரேயும் தூக்கலாக இருந்தால் வருகிறவர்களுக்குச் சந்தேகம் தட்டும். எங்கே ஒழுகுகிறது என்று சுவரைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார்கள்.

நேராக பாத்ரூமுக்குப் போங்கள். தரையில் உள்ள ஜாலியைத் தூக்கினால் கீழே பிளம்பர்கள் 'நாணி ட்ராப்' என்று சொல்வது இருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடை வாயு மேலே ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். புழங்காத வீட்டில் அது வற்றிவிடும். பூட்டிக் கிடந்த வீடு என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பாத்ரூம், பால்கனி, வாஷ்பேசின், சிங்க் என்று ஒன்று விடாமல் தண்ணீர் ஊற்றுங்கள், கம்மோடையும் ஃப்ளஷ் செய்யுங்கள். தரை ட்ராப்பில் கடைசியாக இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் மேலே படர்ந்து நின்று, தண்ணீர் சீக்கிரம் வற்றாது. ஜாலிக்குக் கீழே கவிழ்த்து வைக்கும் கப் இருக்கிறதா என்றும் பாருங்கள். அடைப்பு எடுக்க வருகிறவர்கள் சில சமயம் அதைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அது இல்லாவிட்டால் எவ்வளவு ஊற்றினாலும் வாடை நிற்காது.

கழுவும்போது ப்ளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் தயவுசெய்து சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

அடுத்தது பீரோவும் மெத்தையும். எட்டு மாதமாக அடைந்து கிடந்த துணியும் அந்துருண்டையும் சேர்ந்து அடிக்கும் வாடை அறை முழுக்கப் பரவும். மெத்தை, தலையணையை அப்புறப்படுத்தி, அலமாரிக் கதவுகளைத் திறந்து போட்டு ஃபேனை ஓட விடுங்கள். அம்மாவின் புடவைகளைத் தனியாக உட்கார்ந்து பிரிக்காதீர்கள், கூடப் பிறந்தவர்களோ தோழியோ பக்கத்தில் இருக்கட்டும். சமையலறையில் சிம்னி இருந்தால் ஃபில்டரைக் கழற்றிச் சுடுதண்ணீரில் சமையல் சோடா போட்டு ஊற வையுங்கள்.

சுவரில் ஓதம் இருந்தால் மட்டும் அவசரமாகப் பெயிண்ட் அடிக்காதீர்கள். கசிவை அடைக்காமல் அடித்த பெயிண்ட் உப்பி உரிந்துவிடும். ஞாயிற்றுக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் வருகிறவர்களிடம் இடத்தைக் காட்டி, "இங்கே கசிவு இருக்கிறது, சரிசெய்து தருகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் பல வருடச் சேமிப்பைப் போட்டு வாங்குகிறவர்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுப் போய், ஞாயிறு காலையில் பக்கத்து வீட்டுக்காரரை முதலில் உள்ளே வரச் சொல்லுங்கள். கழுவித் துடைத்ததில் உங்கள் மூக்குக்கு வாடை பழகியிருக்கும், அவருக்குச் சட்டென்று தெரியும். அவர் எந்தப் பக்கம் கை காட்டுகிறாரோ அங்கே மறுபடி கழுவுங்கள்.