குறித்து வைத்ததை எங்கே வைப்பது?

அன்புள்ள அக்கா,

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எது தோன்றினாலும் வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொள்வேன். 'நேவி லேப் டிப்' (நிறம் சரிபார்க்கச் சாயம் போட்ட துணித் துண்டு), 'அம்மா கண் ஆபரேஷன்', பஸ்ஸில் காதில் விழுந்த ஒரு பேச்சு, படம் பிடித்த புத்தகப் பக்கம், அவசரத்தில் பேசிய வாய்ஸ் மெசேஜ் என்று ஆயிரத்துக்கு மேல் கிடக்கிறது. ஒரு ஆப்பில் தலைப்பு வாரியாக ஃபோல்டர் போட்டுப் பிரிக்க ஆரம்பித்தேன். நாற்பது ஃபோல்டர் ஆனதும் கைவிட்டுவிட்டேன். ராத்திரி படுத்தால் எதையோ மறந்த மாதிரியே இருக்கிறது. எழுதி வைத்தும் ஏன் இப்படி? எந்த ஆப் நல்லது? இதையெல்லாம் எப்படித்தான் பிரிப்பது?

வி., திருப்பூர்

அன்புள்ள வி.,

எழுதி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். அது சரியாகவே நடக்கிறது. அதற்கு அடுத்த வேலைதான் நடக்கவில்லை. குறித்ததைக் கையில் எடுத்து, இது என்ன, இதை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்று முடிவெடுக்க வேண்டும். முடிவெடுக்காத குறிப்புகள் ஒரே இடத்தில் குவிந்து கிடப்பதால், திறக்கும்போதெல்லாம் அத்தனையையும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த அலுப்பில் மூடிவிடுகிறோம்.

படுத்ததும் வரும் அந்த உறுத்தலை 2011இல் மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முடிக்காத காரியம் ஒன்று மனதில் இருந்தவர்களுக்கு, வேறு எதையாவது படிக்கும்போதும் அது குறுக்கே வந்தது. அந்தக் காரியத்தை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டமிட்டவர்களுக்கு அந்தத் தொந்தரவு அடங்கியது. அவர்களும் காரியத்தை முடித்திருக்கவில்லை, எப்படி முடிப்பது என்று தீர்மானித்திருந்தார்கள், அவ்வளவுதான். 'அம்மா கண் ஆபரேஷன்' என்று எழுதிய பிறகும் உங்கள் மனம் அடங்காததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அதில் கவலை இருக்கிறது, செயல் இல்லை. 'தம்பிக்கு போன் செய்து எந்த வாரம் லீவு போட முடியும் என்று கேட்க வேண்டும்' என்று எழுதிப் பாருங்கள். அதை நாளை மதியம் செய்துவிடலாம்.

டேவிட் ஆலன் 2001இல் வெளியிட்ட 'கெட்டிங் திங்ஸ் டன்' நூலின் மையமே இந்தக் கேள்விதான். இதில் நான் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா? இருந்தால், அடுத்து நான் செய்ய வேண்டிய ஒரு செயல் எது? இரண்டு நிமிடத்தில் முடிகிற காரியத்தைப் பட்டியலில் ஏற்றாமல் அப்போதே முடித்துவிடச் சொல்கிறார். அவர் முறையில் பட்டியல்கள் நிறைய உண்டு. உங்களுக்கு இரண்டு போதும். நான் செய்ய வேண்டியது ஒன்று, அடுத்தவர் கையில் இருப்பது இன்னொன்று.

இரண்டாவது பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் தொழிலே அதில்தான் ஓடுகிறது. 'நேவி லேப் டிப்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது இப்போது யாரிடம் இருக்கிறது? டையிங்கில் இன்னும் துணியில் சாயம் போட்டுப் பார்க்கிறார்களா? ஏ, பி, சி என்று வெவ்வேறு சாயலில் துண்டுகள் வந்து உங்கள் மேஜையில் இருக்கின்றனவா? ஆர்டர் கொடுத்த பையருக்கு கூரியரில் போய்விட்டதா? 'இன்னும் கொஞ்சம் டார்க் வேண்டும்' என்று பதில் வந்து, டையிங்குக்கே திரும்பிவிட்டதா? நாலுக்கும் நீங்கள் எழுதியது அதே இரண்டு சொல்தான். மேஜையில் இருந்தால் அது உங்கள் வேலை. மற்ற மூன்றிலும் நீங்கள் காத்திருக்கிறீர்கள். காத்திருப்பதைச் செய்ய வேண்டிய வேலையோடு சேர்த்து எழுதினால், பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் உங்களால் ஒன்றும் செய்ய முடியாத இருபது விஷயம் கண்ணில் படும். மலைப்பாக இருக்காமல் என்ன செய்யும்?

அதனால் யாரிடம் இருக்கிறது, என்ன, எந்தத் தேதியில் போனது, எப்போது திரும்பக் கேட்க வேண்டும் என்று ஒரே வரியில் தனியாக எழுதுங்கள். பிரிண்ட் சாம்பிள், லேபிள், ஃபிட் சாம்பிளுக்கான (அளவு சரிபார்க்கத் தைத்த மாதிரி) கமெண்ட் எல்லாம் இங்கேதான் வரும். கேட்க வேண்டிய தேதி வந்ததும் அந்த வரி முதல் பட்டியலுக்கு மாறும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஆபீஸில் ஆர்டருக்கு ஆர்டர் டி அண்ட் ஏ ஷீட் (எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்ற அட்டவணை) போட்டிருப்பீர்கள். அதை முழுக்க இங்கே நகல் எடுக்க வேண்டாம். இரண்டு இடத்தில் தேதி இருந்தால் ஏதாவது ஒன்று பழசாகிவிடும்.

சரி, பஸ்ஸில் கேட்ட பேச்சும் புத்தகப் பக்கமும்? அவற்றில் செய்ய ஒன்றும் இல்லை. அவை வேலைகளோடு இருக்கவே கூடாது. ஃபோல்டர் முறை உங்களைக் கைவிட்டது இந்த இடத்தில்தான். 'இது எதைப் பற்றியது?' என்று கேட்டால் எந்த நல்ல குறிப்புக்கும் ஐந்து பதில் உண்டு. ஒரு மாமியார் மருமகளிடம் சொன்ன வரியை குடும்பத்தில் போடுவதா, கொங்குப் பேச்சில் போடுவதா, கதையில் போடுவதா? அதற்குப் பதில், இதை எதை எழுதும்போது, எதைத் தேடும்போது மறுபடி சந்திக்க விரும்புகிறேன் என்று கேளுங்கள்.

ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் வாழ்நாளில் சுமார் 90,000 குறிப்பு அட்டைகள் எழுதினார். அவை இன்று பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவர் அவற்றைத் தலைப்பு வாரியாகக் கட்டிப் போடவில்லை. புதிய அட்டை ஏற்கெனவே இருக்கும் எந்த அட்டையோடு பேசுகிறதோ, அதற்குப் பின்னால் வைத்து, அதையொட்டிய எண்ணைக் கொடுத்தார். அந்த எண் முறை உங்களுக்குத் தேவையில்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, குறிப்பை வைக்கும்போதே அது எதோடு சேர்கிறது என்று யோசித்தார் என்பதைத்தான். படம் பிடித்த ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 'இதை ஏன் எடுத்தேன்' என்று ஒரு வரி, உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். அந்த வரி வரவில்லை என்றால் படத்தை அழித்துவிடலாம். எனக்கு இதில் இரக்கமே கிடையாது.

அந்த ஒரு வரிக்கு இன்னொரு பயனும் உண்டு. போனில் தேடினால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நாம் நம்புகிறோம். ஆனால் ஒரு நாள் தமிழில் அடிக்கிறோம், மறுநாள் அதே சொல்லை ஆங்கில எழுத்தில் அடிக்கிறோம். ஒன்றைத் தேடினால் இன்னொன்று வராது. வாய்ஸ் மெசேஜ் அதைவிட மோசம், முழுதாகக் கேட்டால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியும். ஒரே எழுத்தில் எழுதுவது என்று இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். வாய்ஸ் மெசேஜை அன்று மாலைக்குள் கேட்டு ஒரு வரியாக்கி, அப்புறம் அழித்துவிடுங்கள்.

எந்த ஆப் என்று கேட்டீர்கள். எதுவானாலும் சரி. வேலைக்கு ஓரிடம், குறிப்புக்கு ஓரிடம் இருந்தால் போதும், நூறு பக்க நோட்டும் ஆகும். வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வதையும் தொடருங்கள். வந்து விழும் இடம் அதுவாகவே இருக்கட்டும், தங்கும் இடமாக வேண்டாம்.

ஆப்பைவிட நேரம் முக்கியம். தினமும் கிளம்பும் முன் பத்து நிமிடம், அன்று வந்ததைப் பிரிக்க. வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம், இரண்டு பட்டியலையும் முழுக்க வாசிக்க. அதற்கு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்காதீர்கள், வீட்டு வேலையே சரியாக இருக்கும். உங்கள் பையர்கள் ஐரோப்பாவில் என்றால் சனிக்கிழமை அவர்களுக்கு லீவு. மெயில் வராது, நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள். அந்த மதியம்தான் தோது.

கடைசியாக அந்த ஆயிரம் மெசேஜ். அதைப் பிரிக்க உட்காராதீர்கள். இரண்டு வாரத்துக்குள் அனுப்பியதை மட்டும் மேலே சொன்னபடி பிரியுங்கள். அதற்கு முந்தையதில் தேதி, பணம், ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்டவற்றை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து எடுங்கள். மீதி அங்கேயே இருக்கட்டும். எதையாவது எழுதும்போது தேவைப்பட்டால் போய்த் தேடிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா