கால் இல்லாதவரைப் பார்த்துப் பிள்ளை சத்தமாகக் கேட்டால் என்ன சொல்வது?

கிளிநொச்சி பஸ்ஸில் ஐந்து வயது மகள் "அந்த மாமாவுக்கு ஏன் கால் இல்லை?" என்று கேட்க, பதறிப்போய் வாயைப் பொத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

பொத்தினால், அது வெட்கப்படவேண்டிய விஷயம் என்றுதான் பிள்ளை விளங்கிக்கொள்ளும். சாதாரணக் குரலில் இரண்டே வசனம் போதும்: "மாமாவுக்கு ஒரு கால் இல்லை. ஊன்றுகோல் பிடித்து நடக்கிறார்." காரணத்தை ஊகிக்காதீர்கள். 2009 வரை நடந்த போரில் வன்னியில் கால் இழந்தவர்கள் பலர், ஆனால் நீரிழிவாலும் கால் போகும். "பாவம்" என்ற சொல் வேண்டவே வேண்டாம். அதைக் கேட்டு வளரும் பிள்ளை இரங்கப் பழகும், சேர்ந்து விளையாடப் பழகாது.

வீட்டில் ஆறுதலாக விளக்குங்கள். செயற்கைக் கால் போடுபவர் மீதிக் காலுக்கு முதலில் உறை போட்டு, பிறகு கிண்ணம்போன்ற பகுதிக்குள் இறக்குவார். வெயிலில் வியர்த்தால் தோல் உரசிப் புண்ணாகும். அதனால்தான் சிலர் கழற்றிவைக்கிறார்கள். ஊன்றுகோலைக் கேட்காமல் தொடக்கூடாது, அது அவருடைய கால் மாதிரி.

உங்கள் பிள்ளைக்கே தழும்போ திக்கலோ இருந்தால், "கவனிக்காதே" என்பது உதவாது. "எனக்கு இது சின்னனிலிருந்தே இருக்கு. வா, விளையாடுவம்" என்று பத்துத் தரம் வீட்டில் சொல்லிப் பழக்குங்கள். பள்ளிக்கூட வாசலில் கேள்வி வரும்போது சொல் வாயில் தயாராக இருக்கும்.