அந்த மாணவியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுக்கும் சிறிய தன்னார்வக் குழு எங்களுடையது. நன்கொடை கேட்டு 200 பேருக்குக் கடிதம் அனுப்பினோம். ஏழு பேர்தான் பதில் எழுதினார்கள். அவர்களில் ஐந்து பேர் பணம் அனுப்பினார்கள். கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். எங்கே தவறிவிட்டோம்?
- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "எங்கள் அமைப்பு தொடங்கப்பட்டு ஒன்பது ஆண்டுகள் நிறைவுபெறும் இவ்வேளையில்" என்று ஆரம்பிக்கிறது. பிறகு நோக்கங்கள், நிர்வாகிகள், பதிவு செய்த நூல்களின் எண்ணிக்கை. இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வாக்கியம்: "தேர்வுக்கு முந்தைய இரவு வரை வரலாற்றுப் புத்தகத்தின் கடைசி மூன்று பாடங்கள் கிடைக்காமல் ஒரு மாணவி தவித்தார்." அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கடிதம் அங்கிருந்து தொடங்க வேண்டும். உடன் படிப்பவர்கள் கடைசிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர் காதில் ஒலித்த குரல் ஒரு பாடத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் பதிவு இல்லை. இதை நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். அவருடைய சம்மதம் கேளுங்கள், விரும்பினால் பெயரை மாற்றுங்கள், எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். "இருளில் வாடும்", "பரிதாபத்துக்குரிய" போன்ற சொற்கள் ஒன்றுகூட வேண்டாம். அவருக்குக் கிடைக்காமல் போனவை மூன்று பாடங்கள். அறிவுக்கும் உழைப்புக்கும் அவரிடம் குறைவில்லை.

ஒன்பது ஆண்டுச் சாதனையை விட்டுவிடுவதா என்று உங்களுக்கு மனம் வராது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். பசியால் வாடும் ஒரு சிறுமியைப் பற்றிச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். வேறு சிலருக்குப் பல லட்சம் பேரின் பசி பற்றிய புள்ளிவிவரத்தைக் கொடுத்தார்கள். சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் இரண்டு மடங்குக்கும் அதிகமாகக் கொடுத்தார்கள். சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோதோ தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆகவே எண்களைத் தனித்தாளில் அச்சிட்டு வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு அனுப்புங்கள்.

அடுத்தது, கேட்கும் விதம். "தங்களால் இயன்ற உதவியை நல்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம்" என்று முடித்திருக்கிறீர்கள். எவ்வளவு, எதற்கு, எப்போதைக்குள்? இதையெல்லாம் படிப்பவரே யோசிக்க வேண்டியிருந்தால், பிறகு பார்க்கலாம் என்று மேசைமேல் வைப்பார். அது அங்கேயே கிடக்கும். ஒரு பாடநூலை முழுவதும் பதிவு செய்ய உங்களுக்கு உண்மையில் ஆகும் செலவைக் கணக்கிட்டு, அந்தத் தொகையைக் கேளுங்கள். அது பெரிதாகத் தோன்றுபவர்களுக்கு ஒரு பாடத்துக்கான செலவையும் சொல்லுங்கள். தேர்வுத் தேதியைக் குறிப்பிடுங்கள். ஒரு புத்தகத்துக்கு என்று கேட்ட பணம் அந்தப் புத்தகத்துக்குத்தான் போக வேண்டும். வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் தேவை என்றால் அதையும் வெளிப்படையாகவே எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வசதியுள்ள ஒருவர் "மற்றவர்கள் கொடுக்கும் அளவுக்கு நானும் தருகிறேன்" என்று வாக்களித்தால் அதைக் கடிதத்தில் சொல்லுங்கள். டீன் கார்லன், ஜான் லிஸ்ட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஓர் அமைப்புக்கு முன்பே கொடுத்திருந்த 50,000-க்கும் மேற்பட்டோருக்குக் கடிதம் அனுப்பிச் சோதித்தபோது, இந்த அறிவிப்பால் நன்கொடை கூடியது. இரண்டு பங்கு, மூன்று பங்கு தருவதாகச் சொன்னாலும் அதற்கு மேல் கூடவில்லை. ஒரு பங்கே போதும்.

"மதிப்பிற்குரிய ஐயா / அம்மா" என்று அச்சடித்ததை எடுத்துவிடுங்கள். 200 கடிதங்கள்தானே, பத்துப் பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு இருபது பெயர், கையாலேயே எழுதிவிடலாம். கையெழுத்துக்குக் கீழே பின்குறிப்பாகத் தொகையையும் தேதியையும் மறுபடி எழுதுங்கள். கடிதத்தைப் பிரித்ததும் கண் முதலில் அடிப்பக்கம் போகிறவர்கள் நிறையப் பேர்.

ஒன்று கேட்க வேண்டும். பணம் அனுப்பிய அந்த ஐந்து பேருக்கு நன்றி எழுதினீர்களா? நீங்கள் அதைப் பற்றிச் சொல்லவே இல்லை. அடுத்த கடிதத்துக்கு முன்னால், இந்த வாரமே அவர்களுக்கு எழுதுங்கள். எதுவும் கேட்காதீர்கள். அவர்கள் பணத்தில் எந்தப் பாடம் பதிவானது, யார் குரலில் பதிவானது என்று மட்டும் சொல்லுங்கள்.

புதிய கடிதம் தயாரானதும் அதை நீங்களே ஒலிப்பதிவு செய்து கேளுங்கள். ஒன்பது ஆண்டுகளாகப் பிறருக்காக வாசித்தவர் நீங்கள். மூச்சு முட்டும் வாக்கியம் எது, குரல் தானாகத் தாழும் இடம் எது என்று உங்கள் காதுக்குத் தெரிந்துவிடும். மூச்சு முட்டுவதை வெட்டுங்கள். குரல் தாழ்ந்த இடத்தைத் தொடாதீர்கள்.