ஹெட்செட்டுக்குள் எரியும் தீ

தீயணைப்புத் துறையில் 33 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற நிலைய அலுவலர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, தீயணைப்போர் பணிக்குத் தேர்வாகியிருக்கிறேன். வெளிநாடுகளில் கண் முன்னால் நிஜம் போன்ற காட்சி காட்டும் வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட் மாட்டிக்கொண்டே தீயணைக்கப் பழகுகிறார்கள் என்று யூடியூபில் பார்த்தேன். இதற்கும் வீடியோ கேமுக்கும் என்ன வித்தியாசம்?
- வாசகர், விருதுநகர்

பதில்: வாழ்த்துகள் தம்பி. நானும் கேம் என்றுதான் நினைத்தேன். ஓய்வுபெற்ற பிறகு ஒரு கருத்தரங்கில் என் தலையிலும் அதை மாட்டிவிட்டார்கள். அரைக் கிலோ இருக்கும். கண் முன்னால் ஓர் அடுக்குமாடி வீட்டின் நடை, கடைசியில் மூடிய கதவு, கதவடியில் கசியும் புகை. பழக்க தோஷம், மண்டியிட்டுப் புறங்கையால் கதவின் சூட்டைப் பார்க்கப் போனேன். கை கதவுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டது. சூடும் இல்லை, கதவும் இல்லை. நிமிர்ந்தபோது பக்கத்தில் இருந்த நிஜமான பிளாஸ்டிக் நாற்காலியில் தலை இடித்தது. சுற்றி நின்ற பையன்களுக்கு ஒரே சிரிப்பு.

சரி, பொம்மைதான் என்று கழற்றப் போனேன். அதற்குள் கதவு திறந்தது. கூரையடியில் தேங்கியிருந்த புகை, உள்ளே புகுந்த காற்றில் கறுத்துச் சுருண்டு என் பக்கம் வேகமாக வந்தது. அந்தப் புகையை எனக்குத் தெரியும். மேலே சேர்ந்த வாயுவின் வெப்பம் 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது கட்டில், திரைச்சீலை, புத்தகம் என்று அறையில் உள்ள எல்லாம் ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும். ஃபிளாஷ் ஓவர் என்போம். அதற்கு முன்னால் புகை ஜாடை காட்டும். நிறம், அடர்த்தி, வேகம், எவ்வளவு தாழ இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் அந்த ஜாடை. அதைப் படிக்கத் தெரிந்தவன் பிழைப்பான்.

எங்கள் காலத்துப் பயிற்சியில் நாங்கள் பார்த்த தீ எது தெரியுமா? மைதானத்தில் இரும்புத் தொட்டியில் டீசல் ஊற்றிக் கொளுத்துவார்கள். எங்கே எரியும், எப்போது அணையும் என்று எல்லோருக்கும் மனப்பாடம். வீட்டுக்குள் புகை எப்படி நடந்துகொள்ளும் என்பதை நான் வேலையில்தான் கற்றேன். முதல் இரண்டு மூன்று தடவை தப்பியது என் திறமை இல்லை. கேம் ஓடுகிறவனுக்குப் பரிசு கொடுக்கிறது. இங்கே கதவுக்கு வெளியே நின்று பத்து நொடி பார்க்கிறவனுக்குத்தான் மார்க். தவறான நேரத்தில் திறந்தால் செத்துப்போவீர்கள். அப்புறம் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி அதே கதவு.

ஆஸ்திரேலியாவில் டீக்கின் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபிளேம் (FLAIM) என்ற கருவியில், தொட்டால் எதுவும் தெரியாத அந்தக் குறையையும் கொஞ்சம் சரிசெய்திருக்கிறார்கள். தீயை நெருங்கினால் உடுப்பு சுடும், ஹோஸைத் திறந்தால் நிஜமாகவே பின்னால் தள்ளும். இன்னொரு நன்மை, பயிற்சிக்காகப் புகை குடிக்க வேண்டாம். தீயணைப்பு வேலையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2022-ல் உறுதியான சான்று உள்ளவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. நாங்கள் முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு வீரம் பேசியவர்கள்.

ஆனால் தம்பி, தண்ணீர் நிறைந்த ஹோஸை மூன்றாம் மாடிக்கு இழுக்க எந்த ஹெட்செட்டும் சொல்லித்தராது. சிலிண்டரில் காற்று குறைந்து, முதுகில் மாட்டும் சுவாசக் கருவியான பி.ஏ. செட்டின் விசில் காதோரம் அலறும்போது மூச்சை நிதானமாக வைத்துக்கொள்ளவும் தராது. அதற்கு மைதானம்தான். ஓட ஆரம்பித்துவிட்டீர்களா?

கேள்வி: நான் 108 ஆம்புலன்ஸில் ஈ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்). பெரிய விபத்தில் யாரை முதலில் பார்ப்பது என்று வகுப்பில் நன்றாகச் சொல்வேன். ஸ்பாட்டில் எல்லாம் மறந்துவிடுகிறது. வி.ஆர். உதவுமா?
- வாசகி, விழுப்புரம்

பதில்: உதவும் அம்மா. என்னைக் கேட்டால் தீயைவிட இதற்குத்தான் அது அதிகம் உதவும்.

மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பலர் அடிபட்ட இடத்தில் ஸ்டார்ட் என்றொரு முறை உண்டு, 1983-ல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் உருவானது. "நடக்க முடிந்தவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள்" என்று முதலில் குரல் கொடுக்க வேண்டும். வந்தவர்களுக்குப் பச்சை அட்டை, அவர்கள் காத்திருக்கலாம். மீதிப் பேரிடம் மூன்றே கேள்வி. மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டாமல் இருக்கிறதா? நகத்தை அழுத்திவிட்டால் 2 நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா? சொன்னதைச் செய்கிறாரா? ஒன்றில் தவறினாலும் சிவப்பு அட்டை, முதலில் கவனிக்க வேண்டியவர். மூன்றும் சரி, ஆனால் நடக்க முடியவில்லை என்றால் மஞ்சள், அடுத்த முறை இவருக்கு. மூச்சே இல்லை, மூச்சுப்பாதையைத் திறந்துவிட்டும் வரவில்லை என்றால் கறுப்பு, இனி காப்பாற்ற முடியாதவர். கட்டிவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டும்.

காகிதத்தில் சுலபம். இதைப் பழக நாங்கள் கல்லூரிப் பிள்ளைகளைப் படுக்க வைத்து மாக் டிரில் நடத்துவோம். சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு செல்ஃபி எடுப்பார்கள். ஹெட்செட்டில் இரவு, மழை, கவிழ்ந்த பஸ், இருபது குரல். ஒரு பயிற்சியில் பக்கத்தில் நின்று பார்த்தேன். நன்றாகப் படித்த பெண். குழந்தையை மடியில் வைத்துக் கதறிய தாயிடம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். நாலடி தள்ளி ஒருவர் சத்தமில்லாமல் வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முடிந்ததும் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். பார்வை எங்கெங்கே போனது என்று ஒரு புள்ளி திரையில் நகர்கிறது. அந்த ஆள் மேல் அது ஒரு தடவைகூடப் படவில்லை. கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது சுற்றில் கறுப்பு அட்டை கட்டும் இடம் வந்தது. கட்டினார். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் யாரிடமும் பேசவில்லை. பயிற்றுநரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீ நேரத்துக்கு ஆள் இல்லாத இடத்தில் கருவி வாங்கி உபயோகமில்லை.

நகத்தை அழுத்திப் பார்ப்பதை மட்டும் அதில் பழக முடியாது, கம்ப்யூட்டர் விடையை எழுதியே காட்டிவிடும். ஆம்புலன்ஸ் ஓட்டும் உங்கள் பைலட்டின் விரலில் பழகுங்கள், ஷிப்டில் நேரம் கிடைக்கும்போது.

கேள்வி: ஊர்க்காவல் படையில் இருக்கிறேன். ஒரு முகாமில் ஹெட்செட் போட்ட ஐந்தாவது நிமிடம் வாந்தி வந்துவிட்டது. எனக்கு இது சரிப்படாதா?
- வாசகர், நாமக்கல்

பதில்: பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போன் பார்த்தால் குமட்டுமே, கிட்டத்தட்ட அதுதான். கண் "நடக்கிறோம்" என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "நின்றுகொண்டிருக்கிறோம்" என்கிறது. நின்ற இடத்திலேயே செய்யும் காட்சியாகக் கேளுங்கள், முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். குமட்டினால் உடனே கழற்றுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம். அன்று பைக் ஓட்டாமல் யாருடனாவது வீட்டுக்குப் போங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் தீ விபத்துப் பயிற்சிக்கு வி.ஆர். கருவி வாங்கலாம் என்று நிர்வாகம் சொல்கிறது. உங்கள் கருத்து?
- தலைமையாசிரியை, கும்பகோணம் அருகே

பதில்: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வரும்போது எனக்கு வேறு நினைவு வருவதில்லை. 2004 ஜூலை 16-ல் 94 பிள்ளைகள். சமையற்கட்டில் பிடித்த தீ, கீற்றுக் கூரை, குறுகலான படி.

கருவி வேண்டாம் அம்மா. பிள்ளைகள் தங்கள் காலால் அந்தப் படியில் இறங்கிப் பழக வேண்டும். மணி அடித்ததிலிருந்து கடைசிப் பிள்ளை மைதானத்துக்கு வரும்வரை கடிகாரத்தில் பாருங்கள். இரண்டாவது வாசலின் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் லீவு போட்டால் யாரிடம் இருக்கும் என்றும் கேட்டுவையுங்கள். அருகிலுள்ள நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தால் வந்து நடத்திக் கொடுப்பார்கள். ஏப்ரல் 14-ல் தொடங்கும் தீத்தொண்டு வாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம், அப்போது உங்களுக்குப் பரீட்சை நேரம். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரமே கேளுங்கள்.