சியாங் மாயில் காப்பீடு இல்லாமல் சிகிச்சை

ஐயா, 71 வயதில் நீரிழிவைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டதால், சியாங் மாயில் இனி எங்கே சிகிச்சை பெறுவது என்று கேட்டிருந்தீர்கள். தாய்லாந்துக் குடிமக்களுக்கான ‘30 பாட்’ என்னும் அரசு மருத்துவத் திட்டம் ஓய்வுக்கால விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது என்றாலும், கையிலிருந்து பணம் கட்டினால் அரசு மருத்துவமனைகளில் நம்மையும் பார்ப்பார்கள். கட்டணம் மட்டும் உள்ளூர்க்காரர்களைவிடக் கூடுதலாக இருக்கும்.

சுவான் டோக் என்று ஊரார் அழைக்கும் பல்கலைக்கழக மருத்துவமனையையே நான் முதலில் சொல்வேன். கடவுச்சீட்டோடும், மாத்திரைகளின் வணிகப் பெயரை விட்டு மூலப்பெயரை எழுதிய தாளோடும் விடியற்காலையிலேயே போய்விடுங்கள். வரிசை எண் கையில் வந்த பிறகும் அரை நாள் போய்விடும். (புத்தகம் ஒன்று எடுத்துச் செல்வது நல்லது.) அவ்வளவு நேரம் உட்கார முடியாதென்றால், அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பீடத்தின் கீழுள்ள ஸ்ரீபட் மருத்துவ மையத்தில் கட்டணம் கூடினாலும் காத்திருப்பு குறையும்.

விசா நீட்டிப்புக்காக வங்கியில் வைத்திருக்கும் 8,00,000 பாட்டை மருத்துவச் செலவுக்கான பணமாக எண்ணிவிடாதீர்கள். ஆண்டின் எந்த நாளிலும் அது 4,00,000-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பதால், மருத்துவத்துக்கென்று தனிக் கணக்கு அவசியம். அவசர ஊர்திக்கு 1669.