நீங்கள் ‘சாங்ஷன்’ செய்யப்பட்டவரா? யோசித்து டிக் செய்யுங்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஐரோப்பாவிலிருந்து புதிதாக ஆர்டர் தர வந்தவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். ‘உங்கள் நிறுவனமோ இயக்குநர்களோ சாங்ஷன் செய்யப்பட்டவர்களா?’ என்று அதில் ஒரு கேள்வி. எங்களிடம் எல்லா அரசு அனுமதியும் இருக்கிறது, வங்கிக் கடனும் சாங்ஷன் ஆகியிருக்கிறது. அதனால் ‘ஆமாம்’ என்று டிக் செய்து அனுப்பிவிட்டேன். இப்போது ஆர்டரை நிறுத்தி வைத்திருப்பதாக மெயில் வந்திருக்கிறது. நான் செய்த தப்பு என்ன?

பதில்: இலக்கணத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆர்டரைக் காப்பாற்றுவோம். உங்களிடம் கேட்டது ‘அனுமதி பெற்றவரா?’ என்று அல்ல, ‘உங்கள் மீது ஏதாவது நாடோ ஐ.நா.வோ தடை விதித்திருக்கிறதா?’ என்று. நீங்கள் ‘ஆமாம், விதித்திருக்கிறார்கள்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள். அவர்கள் நிறுத்தி வைக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இன்றே ஒரு திருத்தக் கடிதம் அனுப்புங்கள். கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டோம் என்று ஒரே வரியில் ஒப்புக்கொள்ளுங்கள், போதும். அடுத்த வரியில், ‘நீதர் தி கம்பெனி நார் எனி ஆஃப் இட்ஸ் டைரக்டர்ஸ் இஸ் சப்ஜெக்ட் டு எனி சாங்ஷன்ஸ்’ என்று எழுதுங்கள். ‘வி ஆர் நாட் சாங்ஷன்ட்’ என்பதும் சரியான ஆங்கிலம்தான். ஆனால் ஒரு முறை குழப்பிய சொல்லை அதே உருவத்தில் மறுபடியும் எழுதுவானேன்? ‘சப்ஜெக்ட் டு சாங்ஷன்ஸ்’ என்றால் தடைக்கு ஆளாகியிருப்பது என்ற ஒரே பொருள்தான். கடிதம் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், இயக்குநர் ஒருவரின் கையெழுத்தோடு போகட்டும்.

சரி, இனி சொல்லுக்கு வருவோம். அனுமதியையும் தண்டனையையும் ஒரே சொல் எப்படிக் குறிக்கும்? இதன் வேர் லத்தீன். ஒன்றைப் புனிதமாக்கி, மீற முடியாததாக நிறுவுவது என்பது மூலப்பொருள். ‘செயின்ட்’ என்ற சொல்லும் அதே குடும்பம்தான். ரோமானியச் சட்டத்தில், இந்தச் சட்டத்தை மீறினால் இன்ன தண்டனை என்று சொல்லும் பகுதிக்கு ‘சாங்ஷியோ’ என்று பெயர். ஆக, சட்டத்துக்கு வலுக் கொடுப்பதும் அதை மீறியவரைத் தண்டிப்பதும் தொடக்கத்திலிருந்தே ஒரே வீட்டில் குடியிருந்தவை. ஆங்கிலத்தில் ஒரு கிளை ‘அதிகாரபூர்வ ஒப்புதல்’ என்று வளர்ந்தது, இன்னொன்று ‘மீறினால் தண்டனை’ என்று வளர்ந்தது. நாடுகள் மீதான தடை என்ற பொருளுக்குப் பெரிய பிரபலம் கிடைத்தது ஐ.நா.வுக்கு முன்பு இருந்த உலக நாடுகள் சங்கத்தின் காலத்தில். எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலி மீது 1935-இல் அந்தச் சங்கம் பொருளாதாரத் தடை விதித்தது.

இது என்ன விசித்திர மொழி என்று ஆங்கிலத்தைத் திட்ட வேண்டாம். நம் ‘தள்ளுபடி’யைப் பாருங்கள். கடன் தள்ளுபடி என்றால் கடன் வாங்கியவர் இனிப்பு கொடுப்பார். மனு தள்ளுபடி என்றால் மனுப் போட்டவர் தலையில் கை வைத்து உட்காருவார். ஆடித் தள்ளுபடி என்றால் ஊரே கடைவீதியில் நிற்கும். நாம் யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்துவிடுகிறோம். சாங்ஷனுக்கும் அதே வைத்தியம்தான்.

பக்கத்தில் எதைப் பார்க்க வேண்டும்? சாங்ஷன் ஆனது ஒரு பொருளா, செயலா, அல்லது ஆளா என்று பாருங்கள். கடன், விடுமுறை, பணியிடம், கட்டட வரைபடம், விளையாட்டுப் போட்டி என்று வந்தால் அனுமதி. மனிதர், நிறுவனம், வங்கி, கப்பல், நாடு என்று வந்தால் பெரும்பாலும் தடை அல்லது தண்டனை. நீதிமன்றச் செய்திகளில் இது பளிச்சென்று தெரியும். ‘தி கோர்ட் சாங்ஷன்ட் தி ஸ்கீம்’ என்றால், நிறுவன இணைப்புத் திட்டம் போன்ற ஒன்றுக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. ‘தி கோர்ட் சாங்ஷன்ட் தி லாயர்’ என்றால், வக்கீலுக்கு அபராதமோ வேறு தண்டனையோ விழுந்தது. வினைச்சொல் ஒன்றே. உங்கள் படிவத்தில் எழுவாய் ‘நிறுவனம்’, ‘இயக்குநர்கள்’. அங்கேயே மணி அடித்திருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு அடையாளம் உண்டு. கடைசியில் ‘ஸ்’ சேர்ந்து பன்மையில் வந்தால் அநேகமாகத் தடைதான். பின்னால் ‘ஆன்’ அல்லது ‘அகெய்ன்ஸ்ட்’ வந்தால் சந்தேகமே வேண்டாம். ஒருமையில், ‘ஆஃப்’ சேர்த்து ‘வித் தி சாங்ஷன் ஆஃப் தி போர்டு’ என்பதுபோல வந்தால் ஒப்புதல். முன்னால் ‘அன்’ சேர்ந்த ‘அன்சாங்ஷன்ட்’ வந்தால் வழக்கமாக அனுமதி பெறாதது என்று பொருள். மொழிபெயர்ப்புப் பயிற்சி ஒன்றில் ‘அன்சாங்ஷன்ட் கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்பதை ‘தடை செய்யப்படாத கட்டடம்’ என்று ஒரு மாணவர் எழுதியதைத் திருத்தியிருக்கிறேன். இடிக்க வேண்டிய கட்டடத்துக்குக் கிரகப்பிரவேசம் செய்து வைத்துவிட்டார்!

உங்கள் தப்புக்கு நம் ஊர் அலுவலக ஆங்கிலமும் ஒரு காரணம். இங்கே சாங்ஷன் என்றாலே நல்ல செய்தி. லோன் சாங்ஷன், லீவு சாங்ஷன். மின் இணைப்பில் ‘சாங்ஷன்ட் லோடு’ என்றால் அனுமதிக்கப்பட்ட மின்பளு. ‘சாங்ஷன்ட் ஸ்ட்ரெங்த்’ என்றால் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் எண்ணிக்கை. உச்ச நீதிமன்றத்தில் இந்த எண்ணிக்கை தலைமை நீதிபதியையும் சேர்த்து 34 ஆனது 2019-இல். இதையே கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு இன்னொரு பொருள் எட்டுவதில்லை. 1998 மே மாதம் பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்காவும் ஜப்பானும் இந்தியா மீது ‘சாங்ஷன்ஸ்’ விதித்தன. அப்போது ஆங்கிலப் பத்திரிகை படித்தவர்களுக்கு இரண்டாவது பொருள் நன்றாகவே அறிமுகமாகியிருக்கும்.

கொஞ்சம் வழுக்கலான இடம் ‘சாங்ஷன் ஃபார் பிராசிக்யூஷன்’. இதில் தண்டனை வாடை அடிக்கும். ஆனால் பொருள் அனுமதிதான். அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த உரிய அதிகாரியிடம் பெற வேண்டிய முன் அனுமதி அது. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 19-ஆவது பிரிவு இதைப் பற்றியதே. இங்கே சாங்ஷன் கிடைத்தால் அந்த ஊழியருக்குக் கெட்ட செய்தி, கிடைக்காவிட்டால் நல்ல செய்தி.

எழுதும்போது என்ன செய்வது? அனுமதிப் பொருளில் இந்தச் சொல் மேலிருந்து கீழே மட்டும்தான் வரும். அரசு, வங்கி, நிர்வாகக் குழு போன்ற அதிகாரம் உள்ளவர்கள்தான் சாங்ஷன் செய்ய முடியும். நண்பரின் யோசனைக்கு நீங்கள் சம்மதித்ததைச் சொல்ல இது ஒத்துவராது. உள்ளூர் விடுமுறைக் கடிதத்தில் ‘கைண்ட்லி சாங்ஷன் மி லீவ்’ என்று எழுதுவது நம் வழக்கம், அதில் குற்றமில்லை. வெளிநாட்டு மேலாளருக்கு எழுதினால் ‘அப்ரூவ்’ போதும். சாங்ஷன் என்றாலும் அவருக்குப் புரியும், ஆனால் அரசாங்கக் கோப்பு ஒன்று நடந்து வந்ததுபோல இருக்கும். உங்கள் நிறுவனத்தின் பதிவுகளைப் பற்றிச் சொல்ல ‘ரெஜிஸ்டர்ட்’, ‘லைசென்ஸ்ட்’, ‘ஆத்தரைஸ்ட்’ என்று தெளிவான சொற்கள் இருக்கின்றன. ஏற்றுமதி மெயில்களில் தடையைப் பற்றிப் பேசும்போது மட்டும் சாங்ஷன்ஸை எடுங்கள், மற்ற நேரத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக, திருத்தக் கடிதத்தோடு சேர்த்து ஒரு வேலை. வாங்குபவரும் அவருடைய வங்கியும் உங்கள் பெயர்களை ஐ.நா. பாதுகாப்பு மன்றம், ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், அமெரிக்க நிதித்துறை ஆகியவை வெளியிடும் தடைப் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெயர் ஒத்துப்போனாலே கணினி சிவப்புக் கொடி காட்டிவிடும். நம் ஆட்களுக்கோ ஒரு பெயரும் ஒரு இனிஷியலும்தான். ‘எஸ். முருகன்’ என்று மட்டும் கொடுத்தால் எந்த முருகன் என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஒவ்வோர் இயக்குநருக்கும் இனிஷியலை விரித்து, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளின்படியே முழுப்பெயரும் பிறந்த தேதியும் எழுதுங்கள். அதோடு, நிறுவனத்தின் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டுச் சான்றின் நகலையும் இணைத்து அனுப்புங்கள்.