கால்வேலி நிலமும் குடவோலையும்: சமூக அறிவியல் கற்பித்தல் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: நடுநிலைப்பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை சமூக அறிவியல் கற்பிக்கிறேன். மாணவர்கள் ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் மனப்பாடம் செய்து எழுதிவிட்டுத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். பாடத்திட்டத்தையும் உரிய காலத்தில் முடித்தாக வேண்டும். பாடம் அவர்கள் மனத்தில் தங்க என்ன செய்யலாம்?
— ஓர் ஆசிரியை, நீடாமங்கலம் வட்டம்

பதில்: பொதுவான யோசனைகளைவிட ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு விரிவாகப் பேசுவது உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். சோழர்கால ஊராட்சியையே எடுத்துக்கொள்வோம். உத்திரமேரூரில் குடவோலை முறையில் தேர்தல் நடந்தது என்று ஒரு வரியில் சொல்லி முடித்தால் அது தேர்வோடு போய்விடும். அதைச் சொல்லும் அவ்வூர்க் கல்வெட்டு விதிக்கும் தகுதிகளைக் கரும்பலகையில் எழுதுங்கள்: கால்வேலி நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதக் கல்வி வேண்டும், முன்பு வாரியத்தில் (ஊர்ப் பணிகளைக் கவனித்த குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் கூடாது. வேலியும் மாவும் டெல்டாப் பிள்ளைகள் வீட்டில் அன்றாடம் கேட்கும் நில அளவுகள். இருபது மா ஒரு வேலி, மூன்று மா ஒரு ஏக்கர் என்ற கணக்கை வைத்துக் கால்வேலி என்பது ஐந்து மா, அதாவது ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அதன்பிறகு, இன்று நம் ஊரில் யாரெல்லாம் அந்தக் குடத்தில் பெயர் எழுதிப் போடத் தகுதி பெறுவார்கள் என்று கேளுங்கள். நிலமில்லாதவர், பெண்கள், பிராமணர் அல்லாதார் என்று ஒவ்வொருவராக விலகிக்கொண்டே வர, அது பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாக அளிக்கப்பட்ட ஊரின் சபை என்பதும், வாக்களிப்பு இல்லாமல் குடத்திலிருந்து ஓலை எடுத்துத் தேர்ந்தெடுத்த முறை என்பதும் நீங்கள் சொல்லாமலேயே விளங்கத் தொடங்கும்.

‘அன்றே மக்களாட்சி இருந்தது’ என்று பெருமையோடு முடித்துவிடும் வழக்கம் நம் வகுப்பறைகளில் வேரூன்றியிருக்கிறது. அந்தப் பெருமையில் நியாயம் உண்டு. கணக்குக் காட்டாதவனை விலக்கி வைத்த விதியைக் கண்டு இன்றும் வியக்கலாம். ஆனால் விலக்கப்பட்டவர்கள் யார் என்பதையும் சேர்த்துக் கற்றால்தான், 21 வயது நிரம்பிய எவரும் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம் என்பதும், தமிழக உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்பதும் எவ்வளவு பெரிய மாற்றம் என்று பிள்ளைகள் உணர்வார்கள். இன்னொன்றும் கேட்கலாம். பராந்தக சோழனின் 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டுகளில், 921இல், அது 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. ஏன் மாற்றியிருப்பார்கள் என்று ஊகித்து, அந்த ஊகத்துக்குக் காரணமும் சொல்லச் செய்யுங்கள். உறுதியான ஒற்றை விடை இல்லாத கேள்வி ஒன்றாவது ஒவ்வொரு பாடத்திலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதே முறையில் தஞ்சைப் பெரிய கோயிலையும் நடத்தலாம். சுற்றுலா அழைத்துச் செல்லும்போது விமானத்தின் உயரத்தை மட்டும் காட்டித் திரும்பிவிடாமல், சுவரில் உள்ள எழுத்துகள் என்ன சொல்கின்றன என்பதை முன்கூட்டியே வகுப்பில் பேசிவிட்டுச் செல்லுங்கள். தான் கொடுத்தவற்றையும், தமக்கை குந்தவை கொடுத்தவற்றையும், தன் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டும்படி ராஜராஜன் ஆணையிட்டதை அங்கே காணலாம். கோயிலில் ஆடல் பணி செய்த தளிச்சேரிப் பெண்டிர் நானூறு பேரின் பெயரும், அவர்கள் குடியிருந்த தெருவும், ஆளுக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் என்ற பங்கும் அதில் உண்டு. கோயிலுக்கு அளிக்கப்பட்ட ஊர்களைச் சொல்லுமிடத்தில், வரியில்லா நிலங்களாக ஊர்நத்தம் (ஊரார் குடியிருந்த இடம்), குளங்கள், ஊரை ஊடறுத்துப் போன வாய்க்கால்கள், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாளர் குடியிருந்த கம்மாணசேரியும் பறையர் குடியிருந்த பறைச்சேரியும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குடியிருப்புகள் பிரிந்து கிடந்தன என்பதற்கு அரசனின் ஆவணமே சான்றாக நிற்கிறது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்; ஆனால் மிகுந்த பொறுப்போடு சொல்ல வேண்டும். எந்த மாணவரையும் எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்று அந்த வகுப்பில் கேட்கக் கூடாது. ஆவணத்தைப் பற்றி மட்டுமே பேச்சு இருக்க வேண்டும்.

பாடத்திட்டம் முடியுமா என்று கவலைப்படுகிறீர்கள். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த இயலாது, நடத்தவும் தேவையில்லை. பருவத்துக்கு இரண்டு பாடங்களை இவ்வாறு எடுத்துக்கொண்டு மற்றவற்றை வழக்கம்போல் நடத்துங்கள். சான்றைக் கேட்டுப் பழகிய பிள்ளை மற்றப் பாடங்களையும் அந்தக் கண்ணோடுதான் படிக்கும்.

கேள்வி: காவிரி நீர்ப் பங்கீட்டை எட்டாம் வகுப்பில் பேசினால் உடனே வகுப்பே கொதித்துப் பக்கத்து மாநிலத்தைத் திட்டத் தொடங்கிவிடுகிறது. இதைத் தவிர்த்துவிடலாமா?
— ஓர் ஆசிரியர், மயிலாடுதுறை

பதில்: தவிர்க்காதீர்கள். கடைமடையில் தண்ணீர் வராமல் பயிர் காய்வதைக் கண்ணால் பார்க்கும் பிள்ளைகளுக்கு அது சொந்த வாழ்க்கை. அந்தக் கோபத்தைத் தவறென்று அடக்குவது முறையாகாது. எண்களிலிருந்து தொடங்குங்கள். 740 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) எனக் கணக்கிடப்பட்ட நீரில், உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. சுற்றுச்சூழலுக்காகவும் கடலில் சேர்வதற்காகவும் 14. மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் கர்நாடகம் விடவேண்டிய அளவைக் காவிரி நடுவர் மன்றம் 2007இல் 192 என்றது, நீதிமன்றம் 177.25 ஆக்கியது. குறைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் தமிழகத்தின் நிலத்தடி நீரும் பெங்களூரின் குடிநீரும் அடங்கும். இக்காரணங்களை வைத்து வகுப்பை நான்கு தரப்பாகப் பிரித்து வாதிடச் செய்யுங்கள். புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலுக்காகப் பேசுபவருக்கும் ஓர் இடம் தவறாமல் கொடுங்கள். அருகிலேயே இருந்தும் நாம் மறந்துவிடும் தரப்பு அது.

அதற்கு முன்பாக ஒருநாள், உங்கள் ஊர் வாய்க்காலின் தண்ணீர் எந்த மதகிலிருந்து பிரிகிறது, மேலே எந்த ஆறு, அதற்கு மேலே கல்லணையா அணைக்கரையா என்று மேட்டூர் வரை வரைபடத்தில் எதிர்த்திசையில் போகச் செய்யுங்கள். மதகைத் திறந்து மூடும் லஸ்கரை வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொன்னால், தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையிலான தகராறு இரு மாநிலங்களுக்கு மட்டும் உரியதன்று, ஒரே வாய்க்காலிலும் உண்டு என்பதைப் பிள்ளைகள் அவரிடமிருந்தே கேட்டுக்கொள்வார்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் வயதானவர்கள் பலர் உள்ளனர். அவர்களைப் பள்ளி பயன்படுத்திக்கொள்ள முடியுமா?
— ஒரு வாசகர், வேதாரண்யம்

பதில்: கட்டாயம் முடியும். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து உங்கள் ஊருக்கு நடந்த உப்புச் சத்தியாகிரக யாத்திரையைப் பற்றி வீடுகளில் வழங்கும் செய்திகளைப் பிள்ளைகள் சேகரிக்கலாம். தொண்டர்களுக்கு உணவும் இடமும் தரக் கூடாது என்று அன்றைய தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் தடை விதித்திருந்தும், வழியில் மக்கள் எவ்வாறு உதவினர் என்பது பற்றிப் பல குடும்பங்களில் இன்றும் சொல்லக் கேட்கலாம். அவை கேட்டுச் சொன்னவை என்பதால், ஒரே நிகழ்ச்சியை இரண்டு வீடுகளில் கேட்டு, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது என்று எழுதச் சொல்லுங்கள். 2018ஆம் ஆண்டின் கஜா புயலைப் பொறுத்தவரை நேரில் கண்டவர்களே இருக்கிறார்கள். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் உறவினரை இழந்தவர்களிடம் மட்டும், அவர்களாக முன்வந்து பேசினாலொழிய, பிள்ளைகளைக் கேள்வியோடு அனுப்ப வேண்டாம்.